பச்சைக் குளம், செத்த மீன்கள்: ஆக்சிஜன் எங்கே போனது?

கேள்வி கேட்டவர்: காலைநடை

வணக்கம். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அறிவியலைப் பத்தாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவிட்டேன், அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் ஒரு குளத்தைச் சுற்றி நடப்பேன். இரண்டு மாதமாகத் தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. முதலில் இளம்பச்சை, அப்புறம் பெயின்ட் கரைத்து ஊற்றியது போல. போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம். நான்காம் நாள் காலை ஆறு மணிக்குப் போனால் கரையோரம் முழுக்க மீன்கள் மிதக்கின்றன. பெரிய மீன்கள்தான் அதிகம். குஞ்சு மீன்கள் இன்னும் உயிரோடு ஓரத்தில் நெளிந்துகொண்டிருந்தன.

யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று நடக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் வந்து சொன்னபோது ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் கேட்டாள்: “பச்சையா இருக்கிறதெல்லாம் ஆக்சிஜன் தரும்னு புத்தகத்துல இருக்கேப்பா. அவ்வளவு பச்சைக்கு நடுவுல மீன் எப்படிச் சாகும்?” விஷம் என்று சொல்லித் தப்பித்தேன். அவள் நம்பவில்லை. இப்போது எனக்கும் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. குளத்துக்கு மேட்டுப்பக்கம் தோட்டங்களும் புல்வெளியும் இருக்கின்றன, மழை பெய்தால் அந்தத் தண்ணீர் இங்கேதான் இறங்கும். நுரையோடு ஒரு சின்ன வாய்க்காலும் வந்து சேர்கிறது. உரமும் சோப்புத் தண்ணீரும் விஷமா? செடிக்குச் சாப்பாடு போடுவதை எப்படி மாசு என்கிறார்கள்?

---

பதில் 1: பழைய பண்ணைக்காரன்

பதினெட்டு வருஷம் மீன் வளர்த்தவன் சொல்கிறேன், உங்கள் மகள் கேட்டது அசல் கேள்வி. விடை கடிகாரத்தில் இருக்கிறது.

பாசி பகலில் ஆக்சிஜன் தரும், சரி. ஆனால் அதுவும் உயிர்தானே? அதுவும் மூச்சு விடும். பகலில் அது செய்கிற ஆக்சிஜன் அது தின்பதைவிட அதிகம், அதனால் மிச்சம் விழுகிறது. சூரியன் மறைந்ததும் உற்பத்தி நின்றுபோகும், மூச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பாசி, மீன், அடிச்சேற்றில் இருக்கிற கோடானுகோடி நுண்ணுயிர்கள் என்று எல்லாம் ஒரே பானையிலிருந்து எடுக்கும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அந்தப் பானை மிகவும் வற்றிக் கிடக்கும். நீங்கள் ஆறு மணிக்குப் பார்த்தது அதன் விளைவைத்தான்.

பானையும் சின்னது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரில் 7.5 மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக இது இன்னும் குறையும். 5-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தவிக்க ஆரம்பிக்கும், 2-க்குக் கீழே போனால் பல இனங்கள் தாங்காது.

மூன்று நாள் மூட்டம் என்றீர்களே, அதுதான் கழுத்தை நெரித்தது. பகலிலும் வரவு சொற்பம், இரவில் செலவு மட்டும் வழக்கம்போல. பண்ணையில் மூட்டம் போட்டால் நாங்கள் தூங்க மாட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்ப்போம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால் உடனே தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடவேண்டும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிற அந்த மெல்லிய மேல்படலத்தில் மட்டும்தான் கொஞ்சம் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும், அதற்குத்தான் அந்தப் போராட்டம்.

விஷமா மூச்சுத்திணறலா என்பதற்கு நான் பார்க்கிற அடையாளம்: மூச்சுத்திணறலில் பெரும்பாலும் பெரிய மீன் முதலில் போகும், வாய் திறந்து செவுள் விரிந்திருக்கும், விடியற்காலையில் நடக்கும். விஷத்துக்குப் பகல் இரவு கிடையாது, பெரும்பாலும் குஞ்சுகள்தான் முதலில் போகும். இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் நீங்கள் சொன்னது முழுக்க முதல் வகை மாதிரிதான் இருக்கிறது.

---

பதில் 2: நேர்பேச்சு

ஏரிகளும் குளங்களும் தானாகவே தூர்ந்து, பாசி பிடித்து, ஒரு நாள் சதுப்பாகிப் போவதுதானே இயற்கை? எல்லாவற்றுக்கும் மனிதனை இழுப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது.

---

பதில் 3: சோதனைக்குழாய்

நேர்பேச்சு சொல்வதில் பாதி உண்மை. ஏரிகள் மூப்படையும். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். காலைநடை சொல்வது இரண்டு மாதக் கதை.

நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கேட்டவர் கணக்கர் என்பதால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். பாசியின் உடலில் சராசரியாக 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் இருக்கும். ரெட்ஃபீல்ட் என்ற கடலியல் அறிஞர் 1930-களில் கடல்நீரையும் மிதவை உயிர்களையும் ஆராய்ந்து கண்ட விகிதத்திலிருந்து வந்தது இது. கார்பன் காற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகளும் உண்டு. பாஸ்பரஸ் அப்படி வராது. பாறை கரைந்து, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் பல நன்னீர்நிலைகளில் கடிவாளம் பாஸ்பரஸின் கையில் இருக்கிறது.

ஒரு கிராம் பாஸ்பரஸ் கூடுதலாக வந்து அது முழுவதும் பாசியானால், காய்ந்த எடையில் 100 கிராமுக்கு மேல் பாசி கிடைக்கும். அந்தப் பாசி செத்து, அடியில் விழுந்து, முழுக்க மட்கவேண்டுமானால் ஏறத்தாழ 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். பண்ணைக்காரர் ஐயா சொன்ன 7.5 மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள். 18,000 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரில் இருக்கிற மொத்த ஆக்சிஜன்! காகிதக் கணக்குதான், எல்லாம் ஒரே நாளில் மட்காது, காற்றிலிருந்தும் கொஞ்சம் வந்து சேரும். ஆனாலும் ஒரு சிட்டிகை எதை இழுத்துவிடும் என்று தெரிகிறதல்லவா?

“சாப்பாட்டை எப்படி மாசு என்கிறார்கள்” என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று தனியாகப் பார்த்துப் பயனில்லை. எங்கே, எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்று பார்க்கவேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறையில் முடங்கிக் கிடந்த பாஸ்பேட்டை வெட்டி எடுத்து உரமாக்குகிறோம். காற்றிலிருக்கும் நைட்ரஜனை ஹேபர் என்ற வேதியியல் அறிஞர் ஆய்வுக்கூடத்தில், உரத்துக்கு மூலப்பொருளான அம்மோனியாவாக்கிக் காட்டியது 1909-ல். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலையே ஓட ஆரம்பித்துவிட்டது. அதனால் கோடிக்கணக்கானோர் வயிறு நிறைந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பயிர் எடுத்தது போக மிச்சம் எங்கேயாவது போகவேண்டுமே. பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும்.

கூடுதலாக வந்து சேரும் பாஸ்பரஸ்தான் ஏரியைப் பச்சையாக்குகிறது என்பதற்கு ஒரு சோதனையே இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226-ஆம் எண் ஏரி நடுவில் இடுப்பு போலக் குறுகியிருக்கும். 1973-ல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு அந்த இடுப்பில் திரை கட்டி ஏரியை இரண்டாக்கியது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சைப் பாயாகிவிட்டது, மற்றது தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படவில்லை. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கவேண்டுமா என்று அப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஊட்டம் மிஞ்சி நீர்நிலை இப்படிப் பச்சையாவதற்கு யூட்ரோஃபிகேஷன் என்று பெயர், தமிழில் மிகையூட்டம் என்று எழுதுகிறார்கள். மகளிடம் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் கடிகாரத்தைச் சொல்லுங்கள்.

---

காலைநடை

எல்லோருக்கும் நன்றி. மகளுக்குப் பதில்களைப் படித்துக் காட்டினேன். “அப்போ புத்தகத்துல பாதிதான் போட்டிருக்காங்க” என்றாள்.

மீன் தொட்டிக்காரர்கள் ஆக்சிஜனை அளக்க வைத்திருக்கும் சொட்டு கிட் ஒன்றை வாங்கி, இருவருமாக மூன்று தடவை சோதித்தோம். காலை ஐந்தரைக்குப் பாட்டில் நிறம் அட்டையில் 2 என்று போட்டிருக்கிற கட்டத்தைவிட வெளிறியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிய நிறம். அதே குளம், அதே படிக்கட்டு! விஷக் கதையை நானே பரப்பியவன் என்பதால் இரண்டு பேரிடமாவது திருத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

குளத்தைக் கவனித்துக்கொள்கிறவர்கள் மயில்துத்தம் போட்டுப் பாசியை ஒரேயடியாகக் கொன்றுவிடலாம் என்று பேசுகிறார்கள். சரியா?

---

பழைய பண்ணைக்காரன்

வேண்டாம், வேண்டாம். அத்தனை பாசியும் ஒரே நாளில் செத்தால் அத்தனையும் ஒன்றாக மட்கும். மிச்சமிருக்கிற மீனும் போகும். நான் ஒரு தடவை இதைச் செய்து மூன்றாம் நாள் வலை போட்டு அள்ளியது செத்த மீன்களைத்தான். முதலில் அந்த வாய்க்காலைப் பாருங்கள். கரையோரம் பத்தடி அகலத்துக்குப் புல்லையும் நாணலையும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள், ஓடிவருகிற மண்ணில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும்.

---

சோதனைக்குழாய்

ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம். நீலப்பச்சைப் பாசி வெடித்துச் செத்தால் உள்ளே இருக்கும் நச்சும் தண்ணீரில் கலக்கும். 2014-ல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியின் பாசி நச்சு குடிநீரில் வந்ததால் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். காய்ச்சினால் அந்த நச்சு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். அதனால் குழந்தை, நாய் யாரையும் இறங்க விடாதீர்கள்.

வாய்க்காலை அடைத்தவுடன் குளம் தெளிந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் சாக்கடையைத் திருப்பிவிடும் வேலை 1968-ல் முடிந்தது, அடுத்த சில ஆண்டுகளில் நீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி. ஆழமில்லாத குளத்தில் இத்தனை நாள் சேர்ந்த பாஸ்பரஸ் சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தப் பிடி தளர்ந்து மறுபடி மேலே வரும். பழைய கடன் போல.

தெளிவை அளக்கக் கருவி வேண்டாம். வெள்ளைத் தட்டை ஒரு கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறியுங்கள். செக்கி என்ற பாதிரியார் 1865-ல் கடலில் செய்த அதே வேலை. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில்.

---

காலைநடை

பழைய தட்டு ஒன்றைக் கல் கட்டி இறக்கினோம். 19 சென்டிமீட்டரில் காணாமல் போனது. மகள் நோட்டில் முதல் வரி எழுதிவிட்டாள். அடுத்த ஞாயிறு இதே இடத்தில் போடுகிறேன்.