பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்': பயப்பட வேண்டுமா?

தேவகோட்டைக்காரி:
காரைக்குடியில் இருக்கும் சின்னாத்தாவுக்கு மார்பில் கட்டி என்று கைக்குத் தட்டுப்படவில்லை, ஒரு பக்கம் தடித்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். மேமோகிராமிலும் தெளிவில்லை. மதுரையில் பயாப்சி எடுத்ததில் 'லோபுலர் கார்சினோமா, ஈஆர் பாசிட்டிவ், ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. "நெகட்டிவ்னா ஒண்ணுமில்லைதானே ஆத்தா?" என்று கேட்கிறார்கள். நெட்டில் பார்த்தால், இது இல்லாவிட்டால் புற்றுநோய் பரவும் என்று போட்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியும் போய்விடுமா?

ஸ்லைடு_பார்ப்பவன்:
பேத்தாலஜி லேபில் ஈ-கேட்ஹெரினைக் காட்டும் சாயம் போடுவதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் புரதம் ஈ-கேட்ஹெரின். அது இருக்கும் இடத்தில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு விழும், ஆத்தங்குடிக் கல்லின் பார்டர் மாதிரி. லோபுலர் (பால் சுரப்பி சார்ந்த மார்பகப் புற்று) வகையில் பெரும்பாலும் அந்தக் கோடே இருக்காது. அதே ஸ்லைடில் நல்ல பால்குழாய் பழுப்பாகத் தெரிந்தால் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுதுவார்கள். பிடிப்பு இல்லாத செல்கள் உருண்டு திரளாமல் ஒற்றை வரிசையில் ஊடுருவிப் போகும். சின்னாத்தாவுக்குக் கட்டியாகத் தட்டுப்படாததும் படத்தில் சரியாகத் தெரியாததும் அதனால்தான். ஆக, அந்த நெகட்டிவ் இது எந்த வகை என்று காட்டுகிறது. நோய் இல்லை என்றோ, முற்றிவிட்டது என்றோ அதை வைத்துச் சொல்ல முடியாது.

"போனால் பரவும்" என்பதும் பாதிக் கதைதான். 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், எலிகளின் மார்பகப் புற்றில் ஈ-கேட்ஹெரினை நீக்கியபோது செல்கள் அதிகமாக ஊடுருவின; ஆனால் வழியிலேயே நிறையச் செத்துப்போய், வேறு உறுப்பில் போய் வளர்வது குறைந்தது. டக்டல் (பால்குழாய் சார்ந்த) வகை பெரும்பாலும் இந்தப் புரதத்தை வைத்துக்கொண்டேதான் பரவுகிறது.

இம்யூனாலஜி_மாணவி:
எதிர்ப்புச் சக்தி பற்றி: உடம்பு முழுக்க அது குறைந்துவிடாது அக்கா. கட்டிக்குள் நடப்பதுதான் சிக்கல். டி-செல்கள் எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளணுக்கள்; அவற்றில் சிலவற்றில் உள்ள சிடி103 என்ற புரதம் ஈ-கேட்ஹெரினைப் பற்றிக்கொண்டுதான் அந்தத் திசுவில் தங்கும். கேஎல்ஆர்ஜி1 என்ற இன்னொன்று இதே ஈ-கேட்ஹெரினில் ஒட்டினால், அந்தச் செல்லுக்குப் பிரேக் விழும். ஒரே புரதத்தை வைத்து இரண்டு வேலையும் நடக்கிறது, அதனால் அது போனால் நல்லதா கெட்டதா என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. இது இல்லை என்பதற்காகச் சத்து மாத்திரை, கஷாயம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தேவகோட்டைக்காரி:
சரி, புரிகிறது. குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வருமா?

ஸ்லைடு_பார்ப்பவன்:
பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்ட மாற்றம்தான். ஈ-கேட்ஹெரினை உண்டாக்கும் சிடிஎச்1 மரபணு பிறவியிலேயே பழுதாக வருவது அபூர்வம். நியூசிலாந்து மாவோரி குடும்பங்களில் 1998இல் கண்டுபிடித்தார்கள், அவர்களுக்கு வந்தது வயிற்றுப் புற்று. உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் வயிற்றுப் புற்று வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஹெர்2 (சிகிச்சையை முடிவு செய்யப் பார்க்கும் இன்னொரு புரதம்) ரிசல்ட் வந்துவிட்டதா, எம்ஆர்ஐ வேண்டுமா என்றும் கேளுங்கள். ஈஆர் பாசிட்டிவ் (புற்றுச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி இருக்கிறது) என்பதால் ஹார்மோன் மாத்திரைக்கு வழி இருக்கிறது, அதைச் சின்னாத்தாவிடம் இன்றைக்கே சொல்லலாம்.