புதுப்பிப்பு: அம்மாவின் பட்டன் போனிலிருந்து மலிவாக அழைப்பு

இணையம் இல்லாத பட்டன் போனிலிருந்து அம்மா வெளிநாட்டில் இருக்கும் என்னை மலிவாகக் கூப்பிட வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது.

அம்மா இருக்கும் நாட்டிலேயே ஒரு மெய்நிகர் எண் (சிம் இல்லாமல் இணையம் வழியாக இயங்கும் போன் எண்) வாங்கினேன். அவருக்கு அது உள்ளூர் அழைப்புதான்; அங்கிருந்து குரல் இணையம் வழியாக என் போனில் உள்ள அழைப்புச் செயலிக்கு வந்துவிடும். மாத வாடகை என் தலையில். (எல்லா நாட்டிலும் இந்த எண் கிடைக்காது, முதலில் விசாரியுங்கள்.)

முதல் வாரம் சொதப்பல். அம்மா நாலு தடவை அடித்தும் இங்கே சத்தமே இல்லை. "எடுக்க மனசில்லையா?" என்று கோபம் வேறு. பார்த்தால், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று என் போனே செயலியைத் தூங்க வைத்திருக்கிறது! அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியதும் சரியானது.

இப்போது அந்த எண்ணை அம்மாவின் போனில் 2-க்குப் பதிந்தாயிற்று; அவர் 2-ஐ அழுத்திப் பிடித்தால் போதும். வங்கிக் குறுஞ்செய்திக்கு மட்டும் இந்த எண்ணைக் கொடுக்கவில்லை. பல நேரம் வந்து சேராது.