ரீபூட்டுக்குப் பின் காணாமற்போன ரூட்டுகள்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

சர்வரில் ஸ்டாட்டிக் ரூட், அதாவது ஒரு முகவரி வரம்புக்குத் தரவுப் பாக்கெட்டுகள் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற குறிப்பை, நாமே எழுதுவது ஐந்து நிமிட வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த ஐந்து நிமிட வேலையை அரைகுறையாகச் செய்ததால் ஒரு ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு டேட்டா சென்டருக்கு ஓடியவன் என்ற முறையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அந்தச் சர்வரில் ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 இயங்கியது. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தன. பயனர்களின் கோரிக்கைகள் முதல் கார்டின் வழியே வரும். தனி வழி எதுவும் சொல்லப்படாத பாக்கெட்டுகள் போகும் டீஃபால்ட் கேட்வேயும் அந்தப் பக்கம்தான். இரண்டாவது கார்டு உள் நெட்வொர்க்குக்கு உரியது. பேக்கப் ஸ்டோரேஜ் 10.40.0.0/16 என்ற வரம்பில், 192.168.50.1 என்ற கேட்வேக்கு அப்பால் இருந்தது. டீஃபால்ட் கேட்வே ஒரு பக்கம்தான் பார்க்கும் என்பதால், மறுபக்கம் போக வேண்டிய ஒவ்வொரு வரம்பையும் சர்வருக்குத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நான் அதை ‘ஐபி ரூட் ஆட்’ என்ற கட்டளையின் மூலம் சொன்னேன். பிங் வந்தது, அன்றிரவே பேக்கப் ஓடியது, டிக்கெட்டை மூடிவிட்டேன்.

அந்தக் கட்டளை நினைவகத்தில் இருக்கும் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரூட்டிங் டேபிளில் மட்டுமே எழுதுகிறது, எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியாததன்று. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டதை மறந்துபோனேன் என்பதே உண்மை. 14 மாதங்கள் அந்தச் சர்வர் ரீபூட் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு கர்னல் புதுப்பிப்புக்காக ரீபூட் செய்தோம், பேக்கப் நின்றது.

என்னை அலைக்கழித்தது ரூட் போனதைவிட, அது போன விதந்தான். குறிப்பிட்ட ரூட் இல்லாதபோது லினக்ஸ் எந்தப் பிழையும் சொல்வதில்லை. டீஃபால்ட் கேட்வே இருக்கிறதே என்று பாக்கெட்டுகளை அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறது. அங்கிருந்த ஃபயர்வால் அவற்றைச் சத்தமின்றிக் கைவிட்டது. ஆகவே எனக்குக் கிடைத்ததெல்லாம் ‘டைம் அவுட்’ என்ற ஒரே செய்தி. புதுக் கர்னலைச் சந்தேகித்தேன், ஸ்டோரேஜைச் சந்தேகித்தேன், அதைக் கவனிக்கும் நண்பரையும் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துத்தான் ‘ஐபி ரூட் கெட்’ என்று தட்டி, அதனுடன் ஸ்டோரேஜின் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். எந்தக் கார்டு வழியாக, எந்தக் கேட்வேயை நோக்கிப் பாக்கெட் கிளம்பும் என்பதைக் கர்னலே சொல்லிவிடும் கட்டளை அது. முதல் கார்டின் பெயர் திரையில் வந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

இரண்டாவது தவற்றை அதன் பிறகுதான் செய்தேன். இம்முறை நிலையாக எழுதிவிட வேண்டும் என்ற முனைப்பில், லினக்ஸில் நெட்வொர்க் இணைப்புகளின் அமைப்புகளைச் சேமித்துக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் ‘என்எம்சிஎல்ஐ’ கட்டளையைக் கொண்டு இரண்டாவது கார்டின் இணைப்பில் ‘ஐபிவி4.ரூட்ஸ்’ என்ற பண்புக்கு 10.40.0.0/16 என்ற வரம்பையும் கேட்வேயையும் கொடுத்தேன். அந்தப் பண்பின் பெயருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இட்டால்தான் இருக்கும் ரூட்டுகளோடு புதியது சேரும். குறியில்லாமல் கொடுத்தால் பழையவை அனைத்தும் போய்ப் புதியது மட்டுமே நிற்கும். எனக்கு முன்னிருந்தவர் முறையாக எழுதி வைத்திருந்த இரண்டு ரூட்டுகளை இப்படித்தான் ஒரே வரியில் அழித்தேன். இதில் ஒரு நுட்பம் உண்டு: ‘மாடிஃபை’ செய்தவுடன் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் எந்த மாற்றமும் தெரியாது. இணைப்பை மீண்டும் மேலே கொண்டுவரும்போதுதான் மாற்றம் நடைமுறைக்கு வரும். நானும் கொண்டுவந்தேன், என் திரை உறைந்துபோனது.

அழிந்த இரண்டில் ஒன்று, நான் வீட்டிலிருந்து இணைந்திருந்த விபிஎன் வரம்புக்கான திரும்பும் வழி. என் பாக்கெட்டுகள் இரண்டாவது கார்டுக்குத்தான் வந்தன, ஆனால் அவற்றுக்கான பதில் வழி இப்போது முதல் கார்டைக் காட்டியது. பாக்கெட் வந்த கார்டும் அதற்கான பதில் வழியும் ஒன்றுதானா என்று பார்க்கும் ‘ஆர்பி ஃபில்டர்’ கண்டிப்பான நிலையில் இருக்கும்போது, இத்தகைய பாக்கெட்டுகளைக் கர்னல் வாசலிலேயே தள்ளிவிடும். ஆகவே பைக்கை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரிமோட் கன்சோல் வசதியை வாங்கலாம் என்று ஆறு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு கதை.

மறுமொழி

வணக்கம் ஐயா. தாங்களாவது எழுத மறந்தீர்கள். நான் எழுதியும் காணாமற்போன கதையைச் சொல்கிறேன். எங்களுடையது கிளவுடில் இயங்கும் உபுண்டு சர்வர். உபுண்டு 17.10 முதல் நெட்வொர்க் அமைப்புகளைக் கவனிக்க நெட்பிளான் வந்துவிட்டதால், அதன் அடைவில் பார்த்தபோது 50 என்ற எண்ணில் தொடங்கும் கிளவுட்இனிட்டின் (கிளவுட் சர்வர் முதன்முறை எழும்போது அதை அமைத்துத்தரும் நிரல்) யாமல் வடிவ அமைப்புக் கோப்பு ஒன்று இருந்தது. அதிலேயே ரூட்டைச் சேர்த்து, ‘நெட்பிளான் அப்ளை’ கொடுத்து, தங்களைப் போல் ஏமாறக்கூடாதென்று ரீபூட்டும் செய்து பார்த்தேன். ரூட் உறுதியாக நின்றது. சில வாரங்களுக்குப் பின் அந்தச் சர்வரின் முழு நகலான படிமத்திலிருந்து மேலும் இரண்டு சர்வர்களை எழுப்பினோம். இரண்டிலும் ரூட் இல்லை.

அந்தக் கோப்பு கிளவுட்இனிட் தானே எழுதிக்கொள்வது. புதிய இன்ஸ்டன்ஸ் (கிளவுட் சர்வர்) முதன்முறை எழும்போது அது கோப்பைப் புதிதாக எழுதிவிடுகிறது. இங்கே செய்யும் மாற்றங்கள் நிலைக்கா என்ற எச்சரிக்கை அதே கோப்பின் தலைப்பிலேயே இருந்தது என்பதைப் பிறகு பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது 60 என்ற எண்ணில் தொடங்கும் தனிக் கோப்பில்தான் எங்கள் ரூட்டுகளை எழுதுகிறோம். நெட்பிளான் கோப்புகளைப் பெயர் வரிசைப்படி படித்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்வதால், கிளவுட்இனிட் தன் கோப்பை எத்தனை முறை எழுதினாலும் எங்களுடையது தப்பிவிடுகிறது.

தங்கள் அதிகாலைப் பயணத்தைப் படித்தபின் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நெட்பிளானில் ‘அப்ளை’ என்பதற்குப் பதிலாக ‘ட்ரை’ என்று கொடுத்தால், 120 வினாடிகளுக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்குத் தானாகவே திரும்பிவிடும். யாமலில் உள்தள்ளலுக்கு டேப் விசையைப் பயன்படுத்தி நான் திண்டாடியதைத் தனியாக எழுத வேண்டாமென்று விடுகிறேன்.

மறுமொழி

விண்டோஸ் சர்வரில் என்னுடைய அனுபவம் சிறியது. ‘ரூட் ஆட்’ கட்டளையில் ‘மைனஸ் பி’ சேர்த்தால் ரூட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகி ரீபூட்டுக்குப் பின்னும் இருக்கும் என்பது தெரிந்திருந்ததால், கவனமாகச் சேர்த்தேன். வரம்பு எவ்வளவு பெரியது என்று சொல்லும் மாஸ்கைக் கொடுக்க விட்டுவிட்டேன். கொடுக்காவிட்டால் விண்டோஸ் 255.255.255.255 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது ஒரு முழு நெட்வொர்க்குக்காக நான் எழுதிய ரூட், 10.60.0.0 என்ற ஒற்றை முகவரிக்கான ரூட்டாகப் பதிந்தது. ‘ரூட் பிரிண்ட்’ கொடுத்தால் கீழே நிலையான ரூட்டுகளின் பட்டியலில் அது அழகாகத் தெரிந்துகொண்டே இருந்ததால், அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டே சந்தேகப்படாமல் இருந்தேன்.

மறுமொழி

இழையைத் தொடங்கியவன் மீண்டும் எழுதுகிறேன். நண்பர்கள் இருவருக்கும் நன்றி. படிமத்திலிருந்து எழுப்பிச் சோதிப்பது என் பட்டியலில் இல்லாதிருந்தது; இன்றே சேர்த்துவிட்டேன்.

சென்ற மாதம் வேறொரு சர்வரில் இதன் தலைகீழ் வடிவத்தைப் பார்த்தேன். கேட்வே மாறியதால் நெட்வொர்க் மேனேஜரில் ரூட்டை முறைப்படி, இம்முறை கூட்டல் குறியோடு, திருத்தினேன். பகலில் சரியாக இருந்தது, இரவு ரீபூட்டுக்குப் பின் பாக்கெட்டுகள் பழைய கேட்வேக்கே போயின. டேபிளில் ஒரே வரம்புக்கு இரண்டு ரூட்டுகள் நின்றன. யாரோ என்றோ, சர்வர் எழும்போதெல்லாம் ஓடும் ‘ஆர்சி.லோக்கல்’ கோப்பில் பழைய ‘ஐபி ரூட் ஆட்’ வரியை எழுதி வைத்திருந்தார்கள். நெட்வொர்க் மேனேஜர் எழுதும் ரூட்டின் மெட்ரிக் (முன்னுரிமை எண்) 100 அல்லது அதையொட்டி இருக்கும். அந்த வரி மெட்ரிக் எதுவும் சொல்லாததால் அதற்கு 0 கிடைத்தது. குறைந்த மெட்ரிக்குக்கே முன்னுரிமை என்பதால் பழையதே வென்றது. அந்த வரியை நீக்கிவிட்டு அன்றிரவே இன்னொரு முறை ரீபூட் செய்தேன். இம்முறை கன்சோலின் முன்னால் உட்கார்ந்துகொண்டு.