ஐ62.03 போட்டேன், ஆடிட்டில் தவறு என்கிறார்கள். சரியான கோட் எது?

புதுசு_கோடர்:
வணக்கம். சென்னையில் அமெரிக்க அவுட்பேஷண்ட் சார்ட்டுகளைப் (நோயாளிக் குறிப்புகள்) பார்த்து, பில்லுக்காக ஐசிடி-10-சிஎம் நோய்க் கோட் போடுகிறேன், சேர்ந்து ஐந்து மாதம். நேற்று வந்த நரம்பியல் சார்ட்: 58 வயது ஆண். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுத்துக்கொண்டிருந்தபோது அடிபடாமலே நாள்பட்ட சப்டூரல் (மூளையின் வெளியுறைக்கு அடியில்) ரத்தக்கசிவு. நான்கு மாதம் முன்பு மண்டையில் துளையிட்டு ரத்தத்தை வடித்திருக்கிறார்கள். இப்போது கடைசி ஸ்கேனில் கசிவு இல்லை. ஆனால் டிவி செய்தியைக்கூட முழுதாகப் பின்தொடர முடியவில்லை, நடுவிலேயே கவனம் போய்விடுகிறதாம். நான் ஐ62.03 (அடிபடாமல் வந்த நாள்பட்ட சப்டூரல் கசிவு), ஆர்41.840 (கவனக் குறைபாடு) இரண்டையும் போட்டேன். பில் போகும் முன் நடந்த ஆடிட்டில் இரண்டுமே தவறு என்று வந்துவிட்டது. காரணம் ஒரு வரிகூட எழுதவில்லை.

மதுரைக்காரன்:
கசிவுதான் ஆறிவிட்டதே, அப்புறம் ஐ62 எதற்கு? பின்விளைவு என்றால் ஐ69. ஐ69.21 போடுங்கள்.

ஆடிட்_அக்கா:
தம்பி சொன்ன திசை சரி, கோட் பழசு. 2016 அக்டோபர் 1 முதல் ஐ69.21 மட்டும் போட்டால் ஏற்காது, ஆறாவது இலக்கம் வேண்டும். கவனமும் ஒருமுகப்படுத்தலும் குறைந்தால் ஐ69.210. நினைவாற்றல் குறைந்தால் ஐ69.211. திட்டமிட்டுச் செய்யும் திறன் போனால் ஐ69.214. டாக்டர் இரண்டைச் சொன்னால் இரண்டையும் போடலாம்.

நடுவில் வரும் இலக்கம்தான் புதியவர்களுக்குக் குழப்பம். சப்அராக்னாய்டு (மூளையை ஒட்டிய உறைக்கு அடியில்) கசிவு என்றால் ஐ69.010, மூளைத் திசுவுக்குள்ளேயே கசிந்திருந்தால் ஐ69.110. சப்டூரல் ஐ62-வில் இருப்பதால் 'மற்றவை'க்கு வரும், அதனால் .2. ஆர்41.840 தனியாக வேண்டாம். குறைபாடும் காரணமும் ஐ69.210-க்குள்ளேயே இருக்கின்றன.

புதுசு_கோடர்:
நன்றி அக்கா! அப்படியானால் ஐ69.210 மட்டும் போட்டு மாற்றி அனுப்பிவிடவா?

ஆடிட்_அக்கா:
பொறுங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நாள்பட்ட சப்டூரலில் பாதி சார்ட்டுகளில், பாத்ரூமில் வழுக்கியது, கதவில் இடித்தது என்று எங்கேயாவது ஒளிந்திருக்கும். அடிபட்டதால் வந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால் ஐ69 கிட்டேயே வரக்கூடாது. அங்கே ஆர்41.840 முதலில், பிறகு எஸ்06.5 வகைக் கோட் (அடிபட்டு வந்த சப்டூரல்), ஏழாவது எழுத்து எஸ் (பின்விளைவு என்று காட்ட). ஆபரேஷன் குறிப்பைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, கவனப் பிரச்சினை கசிவால் வந்தது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? அந்த வரியை அப்படியே இங்கே போடுங்கள், நோயாளி பெயர் விவரம் எதுவும் வேண்டாம்.

புதுசு_கோடர்:
ஆபரேஷன் குறிப்பில் 'விழுந்ததோ அடிபட்டதோ இல்லை' என்று தெளிவாக இருக்கிறது. நரம்பியல் நோட்டில் 'சப்டூரலுக்குப் பிறகு கவனம் குறைவு' என்று மட்டும்.

மதுரைக்காரன்:
அது போதாதா அக்கா? படித்தாலே புரிகிறதே.

ஆடிட்_அக்கா:
எனக்கும் உங்களுக்கும் புரியும். 'பிறகு' என்பது காலம், 'அதனால்' என்பது காரணம். தூக்கமின்மையோ மாத்திரையோ காரணமாக இருக்கலாம். டாக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) போடுங்கள். 'கசிவின் பின்விளைவா' என்று மட்டும் கேட்டால் நாமே பதிலை வாயில் திணித்ததாகிவிடும். கசிவின் பின்விளைவு, மருந்தின் விளைவு, வேறு காரணம், சொல்ல இயலாது என்று எல்லாவற்றையும் கொடுங்கள்.

புதுசு_கோடர்:
போட்டுவிட்டேன். பதில் வரும்வரை சார்ட் ஹோல்டில்.

புதுசு_கோடர் (இரண்டு நாள் கழித்து):
டாக்டர் முதல் பதிலை, அதாவது கசிவின் பின்விளைவு என்பதை, தேர்ந்தெடுத்து, நோட்டிலும் திருத்தம் சேர்த்துவிட்டார். ஐ69.210 போட்டு அனுப்பியாயிற்று.