அப்பாவோடு காட்டுக்குப் போனவை எழுதுங்கோ

மூத்த மகள்:

வாற ஆடியில் அப்பாவின் ஆட்டைத் திவசம். கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்கவேண்டும் என்று தம்பி நிற்கிறான். பிறந்தார், மணந்தார், சிவபதம் அடைந்தார் என்று நாலு தேவாரத்தோடு முடிக்க எனக்கு மனமில்லை. எழுபதுகளில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து வன்னியில் முத்தையன்கட்டுக்கு வந்தவர். மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலம். 77 இற்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்தது; கூட வந்த பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பா போகவில்லை. மிளகாய்க்காக இருந்திருந்தால்தானே போவதற்கு! அவரோடு காட்டில் திரிந்தவர்கள் கண்டதை எழுதுங்கோ, அதையே அச்சடிப்போம். புகழ்ந்து மட்டும் எழுதவேண்டாம்.

பக்கத்து வளவுப் பெடியன் (இப்போது நாற்பது தாண்டிவிட்டது):

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆனி மாதம், பாலை பழுத்துக் கிடந்தது. அவருடைய பிள்ளைகளோடு நானும் தங்கச்சியும். ஐயன் கோயிலடி மரத்தில் ஆளுக்கொரு குழை முறித்துக் கொழுவச் சொன்னார். பிறகுதான் காட்டுக்குள் கால் வைத்தோம்.

மற்ற நாளில் நாங்கள் வாய் திறந்தால் கண்ணாலேயே அடக்குகிற மனுசன். அன்றைக்கு அவரே செருமுகிறார், கத்திப் பிடியால் மரத்தில் தட்டுகிறார், பாட்டு வேறு படிக்கிறார். படிப்பு என்றால் அப்படியொரு படிப்பு, சுருதிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

"ஏன் மாமா இண்டைக்கு இவ்வளவு சத்தம்?"

"பழம் தின்ன நாங்கள் மட்டுமே வாறம்? கரடிக்குக் கண் மட்டு. தின்னத் தொடங்கினா ஒண்டும் கேளாது. கிட்டப் போய்த் திடுக்கிட வைச்சாத்தான் பாயும். வாறம் எண்டு முதலே சொல்லிப்போட்டுப் போவம்."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பெரிய பாலையின் கீழே முறிந்த கொப்புகள். மேலே கறுப்பாக ஒன்று. ஓடச் சொல்லவில்லை. தங்கச்சியைத் தோளில் ஏற்றி, எங்களை முன்னால் விட்டு, தான் பின்னால் நின்று மெல்ல மெல்லத் திருப்பினார். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

வேறு மரத்தடியில் பொறுக்கினோம். வீட்டில் கரடிக் கதை எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். பழப்பால் ஒட்டி எங்கள் உதடே பிரியவில்லை. அவருக்கு அது வசதி.

அப்பாவின் தங்கச்சி மகள்:

என் கலியாணத்துக்கு மாமா முகூர்த்தம் முடிந்த பிறகுதான் வந்தார். இன்னும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. மாங்குளம் றோட்டில் யானை மறித்ததாம். அது குட்டியோடு கடந்து போன பிறகும் சைக்கிளை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரம் என்று கூட வந்தவர் பிறகுதான் சொன்னார்.

தேன் வாங்கினவன்:

பொந்தில் கை விட்டாலும் முழுத் தேன்வதையையும் எடுக்கமாட்டார். புழு இருக்கிற பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார். ஒரு போத்தலுக்கு மேல் கேட்டால் தரவும் மாட்டார்.

மீள்குடியேறும்போது பக்கத்துக் கொட்டிலில் இருந்தவன்:

2009 மே, யுத்தம் முடியும்வரை இழுபட்டு, செட்டிகுளம் முகாமில் கிடந்து, திரும்பி வந்தால் காட்டோரம் முழுக்க மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. ஒவ்வொரு மரத்தையும் தெரிந்த மனுசன் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றார். ஒரு நாளும் தாண்டவில்லை. குளக்கட்டில் குந்தியிருந்து பேரனுக்கு விரால் தூண்டில் போடப் பழக்குவார். பின்னேரம் மிதிவெடி எடுக்கிற பெடியளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவார். "தம்பியவை, அந்த வீரை மரத்தடி முடிஞ்சுதோ?" ஒவ்வொரு நாளும் இதே கேள்விதான்.

கடைசியில் பலகையைக் கழற்றினார்கள். பேரன் வெளிக்கிட்டு நின்றான். கூட்டிக்கொண்டு போகவில்லை. "பலகை கழட்டினது அவையின்ர கணக்கு. நான் ஒருக்காப் போட்டு வாறன்" என்று தனியப் போனார். பொழுதுபடத்தான் வந்தார். அடுத்த ஆனிக்குத்தான் பெடியனுக்கு அனுமதி கிடைத்தது.

மூத்த மகள்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கரடி இவவுக்குப் புதுக்கதை. அரை மணித்தியாலம் ஏச்சு, படத்தைப் பார்த்து. பிறகு சொன்னா, பாலைப்பழம் தனக்குத் துண்டறப் பிடிக்காதாம். நாற்பது வருடம் ஒவ்வொரு ஆனியிலும் ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து, "உனக்கெண்டு பொறுக்கினது" என்று நீட்டுகிற மனுசனிடம் ஒரு நாளும் சொல்லவில்லையாம்.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"சொன்னா, பிறகு எதைச் சாட்டிக் காட்டுக்குப் போறது அந்த மனுசன்?"