அப்பாவின் ராணுவ ஆவணத்தில் அம்மா பெயர் தவறு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அப்பா தரைப்படையில் 1979 முதல் 1996 வரை இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது சிவகங்கை பக்கம் ஊரில் இருக்கிறார். டிஸ்சார்ஜ் புக்கிலும் பென்ஷன் ஆர்டரிலும் அம்மா பெயர் 'பாப்பாத்தி' என்று இருக்கிறது. அது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் 'தனலட்சுமி'. பிறந்த வருடமும் இரண்டு வருடம் வித்தியாசம். ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷிலும் பழைய பெயர்தான் வருகிறது.

சென்ற ஆண்டு நோட்டரி அஃபிடவிட், ஆதார் நகல், இருவரும் சேர்ந்து எடுத்த படம் எல்லாம் வைத்து படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து, திருமணத்துக்கான பார்ட் டூ ஆர்டர் (கல்யாணத்தை ராணுவப் பதிவில் சேர்த்து யூனிட் வெளியிடும் உத்தரவு) நகல் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் அந்த நகல் இல்லை. கல்யாணம் 1984இல் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டோம், மறுபடி ரெக்கார்ட் ஆபீசுக்கே எழுதச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இப்போது உடம்பு சரியில்லை. அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். பிறகு குடும்ப பென்ஷனுக்கு அம்மா அலையக் கூடாது.

பார்ட் டூ ஆர்டர் நகல் கையில் இல்லாமல் மனைவி பெயரைத் திருத்தியவர்கள், எந்த ஆவணங்களைக் கொடுத்தீர்கள்?