உதவி: 500 நோட்டீஸ் அடித்தும் 11 பிள்ளைகள்தான் சேர்ந்திருக்கிறார்கள்

கொழிஞ்சாம்பாறை கீப்பர்:
எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து லீக் தொடங்கப் பார்க்கிறோம். அண்டர் 12, அண்டர் 14 என்று இரண்டு பிரிவு, ஞாயிறு காலை மட்டும் ஆட்டம். மார்ச் கடைசியில் 500 நோட்டீஸ் அடித்துப் பள்ளிக்கூட வாசல்களில் கொடுத்தோம். கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் கடை கடையாக ஒட்டினோம். மூன்று வாரம் ஆயிற்று. பதிந்தவர்கள் 11 பேர். அதில் நான்கு பேர் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே.

நோட்டீஸ் ஏ5 அளவு, ஒரு பக்கம்தான். மேலே மெஸ்ஸி படம், 'நாளைய நட்சத்திரங்களே வாருங்கள்' என்று ஒரு வரி, கோப்பை, கீழே எட்டு ஸ்பான்சர் லோகோ, மூலையில் க்யூஆர் கோடு. தமிழும் மலையாளமும் வரிக்கு வரி மாறி மாறி வரும். அச்சாகி வந்தபோது ஊர்ப் பெயரே உடைந்திருந்தது. 'கொ'வில் கொம்பு, க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது! போனில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. க்யூஆரும் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மறுபடி அடிக்க வேண்டும். எங்கே கோட்டை விட்டோம்?

பொள்ளாச்சி டிடிபி:
கொம்பு விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் மேட்டர் அனுப்பியிருப்பீர்கள், அச்சகத்தில் அதைப் பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டியிருப்பார்கள். யூனிகோடில் க முதலில், கொம்பும் காலும் பிறகு என்றுதான் எழுத்து சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. இந்திய மொழிகளுக்கான வசதி இல்லாத பழைய பதிப்பு அதைச் செய்யாது, சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும். மலையாளக் கூட்டெழுத்தும் அப்படித்தான் பிரிந்துபோயிருக்கும், பாருங்கள். இன்டிசைன் என்றால் பத்திக்கான கம்போஸரை 'வேர்ல்ட் ரெடி' என்று மாற்றச் சொல்லுங்கள். கோரல்டிராவில் எழுத்து சரியாகத் தெரியும் கணினியிலேயே கர்வ்ஸாக (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிட்டால் அப்புறம் எங்கே திறந்தாலும் உடையாது.

நீங்களே கேன்வாவில் செய்கிறீர்கள் என்றால் மேட்டரை அனுப்பவே வேண்டாம். அச்சுக்கான பிடிஎஃப் எடுத்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (தாளை வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்) விட்டு, வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ தெளிவெல்லாம் போயே போய்விடும். 500ஐயும் ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு தாள் கையில் வாங்கிப் பாருங்கள். போன் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். எங்கள் தொழிலில் பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

மீனாட்சிபுரம் அம்மா:
தம்பி, அந்த நோட்டீஸ் என் கைக்கும் வந்தது. அடுப்படியில் ஒரு வாரம் கிடந்தது. எனக்குத் தெரிய வேண்டியது அதில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு பணம்? எத்தனை மணிக்கு முடியும்? கிரவுண்டு எங்கே? தொகை போடாவிட்டால் பெரிய தொகையாக இருக்கும் என்றுதான் நினைப்போம், கேட்பதற்கே கூச்சமாக இருக்கும். பந்து என்றாலே இங்கே செவன்ஸ்தான், அணிக்கு ஏழு பேராக ராத்திரி லைட் போட்டு ஆடுவது. பிள்ளையை அதற்கா அனுப்புவது என்று என் மாமியார் கேட்டார். 'காலை ஆட்டம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

இன்னொன்று. 'சிறுவர் கால்பந்து' என்று போட்டிருக்கிறீர்கள். அகராதியில் சிறுவருக்குள் பெண் பிள்ளையும் அடக்கமாக இருக்கலாம், படிக்கிற எங்களுக்கு ஆண் பிள்ளைகள் என்றுதான் பட்டது. என் மகள் ஆறாவது படிக்கிறாள், அண்ணனை விட நன்றாக உதைப்பாள். அவள் வரலாமா?

கடைசியாக, வண்ணாமடை ரோட்டில் கள்ளுக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தீர்கள். அது வேண்டாம் தம்பி.

கொழிஞ்சாம்பாறை கீப்பர்:
அக்கா, கட்டாயம் வரலாம். கட்டணம் சீசன் முழுவதற்கும் ரூ.600, ஜெர்சி சேர்த்து. காலை 6.30க்குத் தொடங்கி 8.30க்கு முடிந்துவிடும். கள்ளுக்கடை எங்கள் பையன் ஒருவனின் கைங்கரியம், மன்னியுங்கள். தொகை போட்டால் ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் விட்டோம். நேர்மாறாக நடந்திருக்கிறது.

வேலந்தாவளம் கோடர்:
உங்கள் க்யூஆரை இப்போதுதான் ஸ்கேன் செய்தேன், இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது, புல் படத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சென்டிமீட்டருக்குப் போட்டிருக்கிறீர்கள். வெள்ளையில் கறுப்பு, குறைந்தது 2 சென்டிமீட்டர், நான்கு பக்கமும் க்யூஆரில் உள்ள சின்னக் கட்டம் நான்கின் அளவுக்கு வெற்றிடம் விடுங்கள். சுவரில் ஒட்டும் ஏ4க்கு இன்னும் பெரிதாக வேண்டும்.

பெரிய சிக்கல், க்யூஆர் திறக்கும் கூகுள் ஃபார்மில்தான். பிறப்புச் சான்றிதழை அப்லோடு செய்யச் சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா? அப்லோடு கேள்வி ஒன்று இருந்தாலே கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். பாஸ்வேர்டு மறந்த அப்பா அங்கேயே போனை மூடிவிடுவார். 'சிலருக்கு வேலை செய்கிறது' என்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டு, சான்றிதழை முதல் நாள் நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆதார் எண்ணையும் ஏன் கேட்கிறீர்கள்? 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்றுதான் கொள்கிறது, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் போன் எண், இவை போதும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. எங்கள் தெரு டீக்கடைக்காரர் உங்கள் க்யூஆரைப் பணம் அனுப்பும் ஆப்பில் ஸ்கேன் செய்துவிட்டு 'இது செல்லாது' என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. க்யூஆர் என்றாலே பணம் கட்டுவதற்கு என்றுதான் ஊர் பழகியிருக்கிறது. க்யூஆரின் தலைமேல் 'பெயர் பதிய' என்று தமிழில், 'இது பணம் கட்ட அல்ல' என்று சின்னதாகப் போடுங்கள். ஃபார்மே வேண்டாம் என்றாலும் சரி, க்யூஆர் நேராக உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும்படி வைக்கலாம். இணைப்பில் எண்ணுக்கு முன் 91 மட்டும், கூட்டல் குறியோ சுழியமோ கூடாது.

தூத்தூர் கோச்:
குமரிக் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன், எங்கள் பக்கமும் இதே கதைதான். 'அண்டர் 12' என்று மட்டும் போட்டால் 12 முடிந்தவனும் வருவான், 12 நடப்பவன் வராமல் போவான். பிறந்த தேதியை அச்சிடுங்கள். 2017இல் கொச்சியிலும் நடந்ததே, அந்த அண்டர் 17 உலகக் கோப்பை, அதிலேயே விதி '2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்' என்றுதான் இருந்தது. அப்படி ஒரு தேதி போட்டுவிட்டால் கிரவுண்டில் வாக்குவாதம் இல்லை.

மெஸ்ஸி படத்தையும் எடுத்துவிடுங்கள். உரிமை யாருடையது என்ற கேள்வி ஒரு பக்கம். உங்கள் கிரவுண்டில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் படம் இருந்தால் அம்மாக்கள் கூர்ந்து பார்ப்பார்கள், யார் மகன் என்று. படத்தில் ஒரு பெண் பிள்ளையாவது இருக்கட்டும். எடுப்பதற்கு முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை கீப்பர்:
ஸ்பான்சர்கள்தான் தலைவலி. எட்டுப் பேரில் ஒருவர் லோகோவைக் குறைத்தாலும் கோபித்துக்கொள்வார்.

பொள்ளாச்சி டிடிபி:
அவர்களை ஆட்டத்தன்று மைதானத்தில் பேனரில் பெரிதாகப் போடுங்கள். உங்கள் பக்கம் பிவிசி ஃப்ளெக்ஸுக்குத் தடை இருக்கிறது, துணியில் அடியுங்கள். நோட்டீஸில் பெயர்கள் மட்டும் ஒரே வரியில். வரிக்கு வரி மொழி மாற்றாமல் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ், மறுபக்கம் முழுக்க மலையாளம். இரு பக்கமும் அடிக்கச் செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், மலையாளத்துக்கு மஞ்சரி, இரண்டும் இலவச எழுத்துருக்கள்தான். சுவரில் ஒட்டியதை எட்டடி தள்ளி நின்று படியுங்கள். தொகையும் நேரமும் தெரியவில்லை என்றால் எழுத்து சிறிது என்று அர்த்தம்.

கொழிஞ்சாம்பாறை கீப்பர்:
நன்றி அண்ணா, அக்கா, எல்லோருக்கும். இப்போது மேட்டர் இவ்வளவுதான்: 'பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைக் கால்பந்து. சிறுவர், சிறுமியர் இருவரும் வரலாம். காலை 6.30 முதல் 8.30 வரை. சீசனுக்கு ரூ.600, ஜெர்சி சேர்த்து. மே 25க்குள் பெயர் கொடுங்கள்.' கீழே இரண்டு பிரிவுக்கும் பிறந்த தேதி, கிரவுண்டுக்கு வழி, போன் எண், பெரிய க்யூஆர்.

மீனாட்சிபுரம் அம்மா:
போன் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று போடுங்கள். போன வாரம் நான் பகலில் இரண்டு தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை கீப்பர்:
அய்யோ, பகலில் நான் வேலையில் இருப்பேன் அக்கா. 'மாலை 6 முதல் 9 வரை' என்று இப்போதே சேர்த்துவிட்டேன். ஒரு தாள் அடித்து வாங்கியாயிற்று, கொம்பு முன்னால்தான் நிற்கிறது. நாளைக் காலை பால் சொசைட்டிக்கு அதை எடுத்துப்போய், நான் ஒன்றும் சொல்லாமல் நான்கு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மீதி 499.